கார்பனுக்கு ஐந்து கை கிடையாது

தையல்காரனுக்கு வாய் சும்மா இருக்காது. கை ஒரு வேலை பார்க்கும், வாய் வேறொரு வேலை பார்க்கும். முப்பது வருடமாக இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. அந்த மாதம் வாய்க்கு ஒரே வேலைதான். கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவரானாலும் சரி, ஜிப் மாற்ற வந்தவரானாலும் சரி, முதலில் தன் மனைவியைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுப்பான்.

"என் வீட்டுக்காரி பரீட்சை எழுதப் போறா. காலேஜ்ல கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டண்ட் வேலைக்கு. மொத்தம் பத்துக் கேள்வி. பத்துக்குப் பத்து, எழுதி வெச்சுக்கங்க."

"இந்த வயசுலயா?" என்று கேட்டுவிட்டார் பக்கத்துக் கடை மூக்குக்கண்ணாடிக்காரர்.

"நாப்பத்தி நாலு ஒரு வயசா? தலைக்குத்தான் நரை விழும். மூளைக்கு விழாது."

கண்ணாடிக்காரர் வாஸ்தவம்தான் என்று தலையாட்டினார். அவருடைய கோட்டு தையல்காரனிடம் இருந்தது.

உண்மையில் அந்த வயதுதான் வீட்டில் இருவருக்கும் பெரிய கவலையாக இருந்தது. நாற்பத்தைந்து தாண்டினால் அந்தப் பரீட்சைக்கு உட்கார முடியாது. பரீட்சையோ மூன்று வருடத்துக்கு ஒரு முறைதான் வரும். இடமும் ஒன்றே ஒன்று. இந்தத் தடவை விட்டால் அவளுக்கு அவ்வளவுதான், ஓய்வு பெறும் வரை கழுவும் தொட்டிதான்.

அவள் அதே ஆய்வகத்தில் பதினோரு வருடமாகக் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுகிறவள். மாணவர்களுக்கு அவள் குடுவைக்கா. அசிஸ்டண்ட் வேலை அதைவிட ஒரு படி மேலே. மாணவர்கள் ஒரு சீட்டில் வேதிப்பொருளின் பெயரை எழுதி நீட்டுவார்கள். அசிஸ்டண்ட் அலமாரியிலிருந்து சரியான குப்பியை எடுத்துக் கொடுக்க வேண்டும். பெயரைப் பார்த்ததுமே அந்தப் பொருள் எப்படிப்பட்டது, எதோடு சேர்த்து வைக்கலாம், எதோடு சேர்த்து வைத்தால் கூரை பறக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் பரீட்சையில் பத்துப் பெயர்களைக் கொடுத்துப் பத்துக்கும் கட்டமைப்பு வாய்ப்பாடு, அதாவது எந்த அணு எதோடு கை கோத்து நிற்கிறது என்ற படம், வரையச் சொல்வார்கள்.

அவள் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. கழுவும் தொட்டி வகுப்பின் பின்பக்கச் சுவரை ஒட்டி இருந்தது. குழாயை முழுதாகத் திறந்தால் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்கும், கால்வாசி திறந்தால் பாடம் கேட்கும். பதினோரு வருடமாக அவள் கால்வாசிதான் திறந்தாள். ஒருநாள் ஏதோ பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்தவள் போல வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"பேருக்குள்ளயே படம் இருக்குங்க. பியூட்னா நாலு கார்பன் வரிசையா நிக்குது. மெத்தில்னா பக்கத்துல ஒத்தைக் கார்பன் கிளை. முன்னாடி இருக்கற நம்பர் அந்தக் கிளை எத்தனாவது கார்பன்ல தொங்குதுன்னு சொல்லும். பேரை ஒழுங்காப் படிச்சா படம் தானா வந்துடும்."

"இதுல என்ன அதிசயம்? அளவுச் சீட்டு மாதிரிதானே. மார்பு முப்பத்தெட்டு, கை இருபத்திரண்டுன்னு எழுதியிருந்தா ஆளைப் பார்க்காமலே நான் சட்டை வெட்டலையா?"

அன்றிலிருந்து தையல்காரனும் வேதியியலில் இறங்கிவிட்டான். கார்பனுக்கு நான்கு கை என்று அவள் சொன்னதும் அவன் பட்டன் டப்பாவைக் கவிழ்த்தான். நான்கு ஓட்டைப் பட்டன் கார்பன். இரண்டு ஓட்டைப் பட்டன் ஆக்சிஜன். பின்னால் ஒற்றை வளையம் வைத்த குமிழ்ப் பட்டன் ஹைட்ரஜன். நைட்ரஜனுக்கு மூன்று கை. கடைத்தெரு முழுக்க அலைந்தும் மூன்று ஓட்டைப் பட்டன் கிடைக்காமல், நான்கு ஓட்டைப் பட்டனில் ஒன்றை மெழுகு வைத்து அடைத்தான். ஒரு ஓட்டைக்கு ஒரு நூல், அதுதான் சட்டம். இரட்டைப் பிணைப்பு என்றால் இரண்டு பட்டனுக்கும் நடுவே இரண்டு நூல். அவள் பெயரைச் சொல்லச் சொல்ல இவன் மீந்த துணியில் தைப்பான். தைத்து முடிப்பதற்குள் அவள் தாளில் வரைந்து முடித்திருப்பாள். ஒரு நாளாவது அவளை முந்திவிட வேண்டும் என்று பார்த்தான், நடக்கவில்லை. தோற்றுப்போய்விட்டு மறுநாள் கடையில் அதையும் பெருமையாகத்தான் சொன்னான்.

பரீட்சை நாளன்று மதியம் அவள் நேராகக் கடைக்கு வந்தாள். அவன் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தான். கண்ணாடிக்காரரும் தன் கடை வாசலுக்கு வந்துவிட்டார்.

"பத்தும் போட்டாச்சா?"

"ஒம்போது வரைஞ்சேன். ஏழாம் கேள்வி வரையல."

தையல்காரன் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடிக்காரர் நாசூக்காக உள்ளே போனார்.

"தெரியலையா?"

"தெரிஞ்சதாலதான் வரையல. அப்படி ஒண்ணு இருக்கவே முடியாது. அதைத்தான் அந்த இடத்துல எழுதிட்டு வந்தேன்."

"கேள்வி கேட்டவங்க என்ன லேசுப்பட்டவங்களா? ஏதாவது ஒண்ணைக் கிறுக்கிட்டு வந்திருந்தா அரை மார்க்காவது போட்டிருப்பாங்கல்ல?"

சொன்னது தப்பு என்று சொல்லி முடிப்பதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். இருபது வருடக் குடித்தனத்தில் அந்தப் பார்வையை அவன் மொத்தம் மூன்று முறைதான் வாங்கியிருக்கிறான்.

"கிறுக்கறதுக்கா பதினோரு வருஷம் கேட்டேன்?" என்று மட்டும் சொல்லிவிட்டு, கேள்வித்தாளை வெட்டும் மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

தையல்காரனுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருக்கிறான், நாளைக்கு இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? கேள்வித்தாளை எடுத்து ஏழாம் கேள்வியைப் பார்த்தான். 2,2-டைமெத்தில்பியூட்-2-ஈன். இவ்வளவுதானே! இதை நான் தைத்துக் காட்டுகிறேன், அப்புறம் பேசிக்கொள்வோம் என்று பட்டன் டப்பாவை இழுத்தான்.

பியூட் என்றால் நான்கு. நான்கு பட்டன்களை வரிசையாக வைத்தான். ஈன் என்றால் ஓரிடத்தில் இரட்டை நூல், முன்னால் உள்ள இரண்டு அது எங்கே என்று சொல்கிறது. இரண்டாம் பட்டனுக்கும் மூன்றாம் பட்டனுக்கும் நடுவே இரண்டு நூல் ஓட்டினான். மற்ற இடங்களில் ஒவ்வொரு நூல். எல்லாம் வெண்ணெய் மாதிரி போனது. டைமெத்தில் என்றால் ஒற்றைக் கார்பன் கிளை இரண்டு, இரண்டுமே இரண்டாம் பட்டனில்தான் தொங்க வேண்டும். முதல் கிளையைத் தைத்தான். இரண்டாவது கிளைக்கு ஊசியைக் கொண்டுபோனான்.

ஓட்டை இல்லை.

பட்டனைத் திருப்பிப் பார்த்தான். முதல் பட்டனுக்கு ஒரு நூல், மூன்றாவதற்கு இரண்டு, கிளைக்கு ஒன்று, ஆக நான்கும் தீர்ந்துவிட்டது. பிரித்துவிட்டு வலப்பக்கத்திலிருந்து எண்ணித் தைத்தான். அப்போதும் அதே கதைதான். நூல் நிறத்தை மாற்றிக்கூடப் பார்த்தான், என்னவோ நிறத்தில்தான் கோளாறு என்பது போல. கடைசியில் ஏற்கெனவே நூல் போன ஓட்டையிலேயே இன்னொரு நூலை முறுக்கி நுழைத்தான். நுழைந்துவிட்டது. தையல்காரனுக்கு இதெல்லாம் ஒரு பெரிய வித்தையா? ஆனால் நுழைத்த பிறகு அவனுக்கே வெட்கமாக இருந்தது. முப்பது வருடத்தில் யாருடைய சட்டையிலும் இப்படி ஒரு திருட்டு வேலை பார்த்ததில்லை. தன் மனைவி பரீட்சைத் தாளில் செய்ய மறுத்ததும் இதைத்தான் என்று அப்போது அவனுக்கு உறைத்தது.

கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நாலு தடவை தைச்சேன்" என்றான்.

"ம்."

"அஞ்சாவது நூலுக்கு ஓட்டை இல்ல."

"ம்."

"நான் ஒரு மடையன்."

"அது பரீட்சைல வரல" என்றாள் அவள். சிரிப்பை அடக்கிக்கொள்ளத்தான் பார்த்தாள், முடியவில்லை.

நான்கு நாள் கழித்து மதிப்பெண் பட்டியல் ஒட்டினார்கள். எழுதியவர்கள் ஐந்து பேர். அவளுக்கு ஒன்பது, வேதிப்பொருள் கிடங்கில் வேலை பார்க்கும் பட்டதாரி ஒருவருக்குப் பத்து. ஆட்சேபணை இருந்தால் இரண்டு நாளுக்குள் துறைத்தலைவரைப் பார்க்கலாம் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது.

"நாளைக்கே போய்ப் பாரு" என்றான் தையல்காரன்.

"எப்படிங்க போறது? பதினோரு வருஷமா அவர் குடிக்கிற காப்பிக் கோப்பையையும் சேர்த்துக் கழுவறேன். அவர் முன்னாடி நின்னு உங்க கேள்வி தப்புன்னு சொல்லவா?"

"நீ சொல்லலேன்னா நான் போய்ச் சொல்றேன்."

"நீங்களா?"

"ஏன், எனக்குத் தெரியாதா? எப்படியும் நாளைக்கு ஆறு லேப் கோட்டு கொண்டுபோய்க் கொடுக்கணும். அப்படியே துணியையும் பட்டனையும் எடுத்துக்கிட்டுப் போய் அவர் மேசையிலயே விரிச்சுக் காட்டறேன்."

அவள் கண்ணை மூடி அந்தக் காட்சியைக் கற்பனை செய்து பார்த்தாள் போலிருக்கிறது. "வேண்டவே வேண்டாம், நானே போறேன்" என்றாள்.

துறைத்தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் நம்பர்மாத்தி. பழைய கேள்வித்தாளை உருப்போட்டு வருகிறவர்களைப் பிடிப்பதற்காக ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வியில் ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றி வைப்பார். அதில் அவருக்கு அலாதிப் பெருமை. ஒல்லியான மனிதர், கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அதைத் தேடுகிற ரகம். முன்கோபி, ஆனால் நேர்மையானவர் என்று அவள் சொல்லியிருந்தாள்.

மறுநாள் காலை தையல்காரன் ஆறு கோட்டுகளைக் கையில் போட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே அந்த அறைக்குள் நுழைந்தான். கோட்டுகளை நாற்காலியில் வைத்த பிறகு அவன் வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை. மேல் கோட்டில் இல்லாத நூல் பிசிறை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தான்.

"என்னம்மா?" என்றார் துறைத்தலைவர்.

"ஏழாம் கேள்வி, சார்."

"அதைத்தான் காலியா விட்டுட்டீங்களே. மத்ததெல்லாம் நல்லாத்தான் போட்டிருந்தீங்க."

"காலியா விடல சார். எழுதியிருக்கேன்."

அவர் தாளைத் தேடி எடுத்தார். நெற்றியிலிருந்து கண்ணாடி கீழே இறங்கியது. ஏழாம் கட்டத்துக்குள் அவளுடைய குண்டுக் கையெழுத்து இருந்தது: 'இந்தப் பெயருக்குப் படம் வரைய முடியாது. இரண்டாம் கார்பனுக்கு ஐந்து கை வருகிறது.' திருத்தும்போது அவர் அதைப் படிக்கவே இல்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. படம் இல்லை என்றதும் பூஜ்யம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"நான் கொடுக்கற கேள்விக்குப் படம் வராதுங்கறீங்களா?" குரல் கொஞ்சம் உயர்ந்தது.

தையல்காரன் கோட்டின்மேல் இன்னும் குனிந்துகொண்டான். அவள் குரல் மட்டும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"நீங்களே ஒரு தடவை வரைஞ்சு பாருங்க, சார்."

அவர் விருட்டென்று எழுந்து கரும்பலகைக்குப் போனார். முப்பது வருடம் வரைந்த கை, நான்கு கார்பனும் இரட்டைக் கோடும் கண் மூடித் திறப்பதற்குள் விழுந்தன. மேலே ஒரு கிளை போட்டார். கீழே ஒரு கிளை போட்டார். கை நின்றது. உதடு அசைய ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். கீழ்க் கிளையை அழித்தார். கேள்வித்தாளைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி போட்டார், மறுபடி அழித்தார். சாக்பீஸ் தூள் அவர் சட்டைக் கையில் உதிர்ந்தது.

"போன தடவை 2,3 கொடுத்திருந்தேன்" என்றார், யாரிடம் சொல்கிறோம் என்றில்லாமல். "ஒரு கிளை ரெண்டுல, ஒரு கிளை மூணுல. அது சரியா வரும். இந்தத் தடவை மூணை ரெண்டா மாத்தினேன். மாத்தினதை வரைஞ்சு பார்க்கல. திருத்த வெச்சிருந்த விடைக்குறிப்புல பழைய படம் அப்படியே இருக்கு."

உருப்போட்டவர்களைப் பிடிக்க வைத்த பொறியில் அவரே போய் விழுந்திருக்கிறார். உருப்போட்டவர்கள் பழைய படத்தையே வரைய, பழைய விடையை வைத்துத் திருத்தியவர் அவர்களுக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறார்.

அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "தப்பு என்மேலதான்மா. கேள்வியை ரத்து பண்ணிடறேன். ஏழாம் கேள்விக்கு எல்லாருக்கும் ஒரு மார்க் போட்டுடலாம்."

தையல்காரனுக்கு உச்சி குளிர்ந்தது. பத்துக்குப் பத்து! ரொம்ப நன்றிங்க என்று சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டான்.

"வேண்டாம், சார்" என்றாள் அவள்.

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. இவளுக்குப் பைத்தியமா?

"எல்லாருக்கும் போட்டா ரெண்டு பேருக்கும் பத்து வரும். சமமா வந்தா பட்டம் வாங்கினவருக்குத்தான் வேலைன்னு விதி இருக்கு, அது எனக்குத் தெரியும். ஆனா அதுக்காக மட்டும் சொல்லல, சார். ரத்து பண்ணினா அது சும்மா வர்ற மார்க். நான் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கேன்."

"கேள்வியே தப்புங்கறப்ப பதில் எப்படிம்மா சரியாகும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு மேசைமேல் கிடந்த ஒரு துண்டுச்சீட்டை எடுத்து, ஏழாம் கேள்வியின் பெயரை எழுதி அவர் முன்னால் வைத்தாள்.

"நாளைக்கு ஒரு பையனோ பொண்ணோ இந்தச் சீட்டைக் கொண்டுவந்து இந்த மருந்து வேணும்னு கேக்கறாங்க. அசிஸ்டண்ட் என்ன பண்ணணும், சார்? நாள் முழுக்க அலமாரியில தேடணுமா? பேர் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்குன்னு பக்கத்துக் குப்பியை எடுத்துக் கொடுக்கணுமா? இல்ல, இப்படி ஒரு பொருளே கிடையாது, போய்ப் பேரைச் சரியா எழுதிட்டு வான்னு சொல்லணுமா? இந்த வேலைக்குத்தானே பரீட்சை வெச்சீங்க?"

தையல்காரன் பிசிறு பிடுங்குவதை எப்போது நிறுத்தினான் என்று அவனுக்கே தெரியாது. அவளை அவன் சமையலறையில் பார்த்திருக்கிறான், துணி மடிக்கும்போது பார்த்திருக்கிறான், பட்டனை வைத்துத் தன்னைத் தோற்கடிக்கும்போது பார்த்திருக்கிறான். இப்படி ஒரு பெரிய மேசைக்கு முன்னால், கையைக்கூடக் கட்டிக்கொள்ளாமல், தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்கிறவளாக இதற்கு முன் பார்த்ததில்லை. இவள் எனக்கு வாய்த்தவளா என்று நினைத்தான். அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு கோட்டை எடுத்து உதறினான்.

துறைத்தலைவர் கிடங்குக்காரரின் தாளை எடுத்தார். ஏழாம் கட்டத்தில் பழைய படம் அச்சு அசலாக இருந்தது. பெயரில் 2,2 என்று இருக்கிறது, படத்தில் 2,3 இருக்கிறது. இரண்டையும் விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவைத் திறந்து அந்தத் தாளில் ஒரு மதிப்பெண்ணை அடித்தார். அவளுடைய தாளில் பூஜ்யத்தை அடித்து, பக்கத்தில் ஒன்று என்று போட்டுக் கையெழுத்து வைத்தார்.

"கேட்டதுக்கெல்லாம் இல்ல இல்லன்னு சொல்ற அசிஸ்டண்டா வந்து வாய்க்கப் போறீங்க எனக்கு" என்றார்.

"இல்லாததை மட்டும்தான் இல்லேன்னு சொல்வேன், சார்."

அவர் சிரித்துவிட்டார். "எங்கம்மா படிச்சீங்க இதெல்லாம்?"

"உங்க வகுப்புலதான்" என்றாள். "கடைசி வரிசைக்கும் பின்னால."

அவர் சிரிப்பு மெல்ல அடங்கியது. இரண்டு தாள்களையும் அடுக்கி வைத்தபடி தலையை ஆட்டினார்.

இரண்டு நாள் கழித்துத் திருத்திய பட்டியலையும் விடைகளையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். கண்ணாடிக்காரரின் கோட்டைப் பாதி வெட்டினதோடு போட்டுவிட்டு, கடையைச் சாத்திக்கொண்டு தையல்காரன் ஓடினான். முதல் பெயர் அவளுடையது, எதிரே பத்து. அதை மூன்று தடவை படித்தான். பக்கத்துத் தாளில் பத்துக் கட்டம் போட்டு விடைகளை அச்சடித்திருந்தார்கள். ஒன்பது கட்டத்தில் ஒன்பது படங்கள், வளையமும் கிளையும் இரட்டைக் கோடுமாக. ஏழாம் கட்டத்தில் மட்டும் படம் எதுவும் இல்லை, அடியில் சின்னதாக 'வரைய இயலாது' என்று இருந்தது.

வகுப்பு முடிந்து மாணவர்கள் கூட்டமாக வந்து அவனைச் சுற்றி நின்றார்கள். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள்.

"ஏழாவது ஏன்டி காலியா விட்டிருக்காங்க?"

தையல்காரன் திரும்பினான். யார் எவர் என்று கேட்காமல், அளவு நாடா கழுத்திலேயே தொங்க, அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"அது காலி இல்லம்மா. அது என் வீட்டுக்காரி போட்டது."